பஃபியின் ஊரும் பழைய பகடையும்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அச்சேறுவதற்கு முன்பே அதற்குள் ஒரு காட்டேரி நுழைந்துவிட்டது. அமெரிக்காவின் மினியாபோலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களில், அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னெசன் முன்னதாக நடத்திவந்த 'பிளாக்மூர்' ஆட்டத்தில் சர் ஃபேங் என்றொரு பாத்திரம் இருந்தது. ஆட்டத்தை நடத்தியவர் கையில் இல்லை அது; ஆட வந்தவர்களில் ஒருவருடையது. நாள் போகப் போக அந்தக் காட்டேரியின் அட்டகாசம் யாருக்கும் அடங்கவில்லை. மற்றவர்கள் முறையிட்டார்கள். மாற்று மருந்தாக ஒரு புதிய பாத்திர வகை பிறந்தது: சிலுவையைக் காட்டிப் பிணப்பேய்களை விரட்டும் மதகுரு. ஹேமர் நிறுவனத்தின் டிராகுலா படங்களில் பீட்டர் குஷிங் ஏற்ற வான் ஹெல்சிங் வேடம்தான் அதற்கு முன்மாதிரி. பின்னாளில் அடிபட்டவர்களுக்குக் காயம் ஆற்றும் சாதுவாகவே பெரும்பாலும் ஆடப்பட்ட 'கிளெரிக்', பிறப்பால் ஒரு காட்டேரி வேட்டைக்காரர்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் டஞ்சன் மாஸ்டர். இடத்தையும் அங்கே காத்திருக்கும் ஆபத்தையும் வாயால் சொல்பவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். அதன் பலமும் பலவீனமும் ஒரு தாளில் எண்களாக எழுதப்பட்டிருக்கும். "கதவைத் தள்ளுகிறேன்", "ஓடுகிறேன்" என்று அவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற இடத்தில் பகடை உருளும். ஜெயித்தேன் என்று எழுந்து போக யாரும் இல்லை. விட்ட இடத்தில் அடுத்த வாரம் தொடரும். சில குழுக்களில் இந்தத் தொடராட்டம் ஆண்டுக்கணக்கில் நீளும்.

அன்று அது எப்படி இருந்தது என்று அறிய, டாம் மோல்ட்வே தொகுத்து 1981இல் வந்த 'பேசிக்' விதிநூலைப் புரட்டினால் போதும். மொத்தமே 64 பக்கம். பலம், அறிவு முதலான ஆறு குணங்களுக்கும் மும்மூன்று பகடையை வரிசையாக உருட்ட வேண்டும், விழுந்ததுதான் தலையெழுத்து. மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி நான்முகப் பகடையில் விழும் எண். நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். ஒரு பூனை பிறாண்டினாலே அவர் கதை முடிந்துவிடும் என்று கேலி பேசுவார்கள். இதைவிட முக்கியம், சேரச் சேரப் பாத்திரத்தின் 'லெவல்' உயரும் அனுபவப் புள்ளி எதற்குக் கிடைக்கும் என்பது. பேயைக் கொன்றால் கொஞ்சம்தான். பாதாளத்திலிருந்து பொன்னை வெளியே கொண்டுவந்தால் காசுக்கு ஒரு புள்ளி. ஆகவே அன்று நன்றாக ஆடியவர் வீரரைப்போல ஆடவில்லை, திருடரைப்போல ஆடினார். பேய் தூங்குகிறதா, எழுப்பாதே, பெட்டியைத் தூக்கு.

காட்டேரி அதே 1981இல் வந்த 'எக்ஸ்பர்ட்' நூலில் இருக்கிறது. உயிர்ப்பகடை, அதாவது உயிர்ப்புள்ளிக்காக உருட்டும் பகடை, ஏழு முதல் ஒன்பது வரை. அடித்தால் ரத்தம் மட்டும் போகாது, இரண்டு லெவலும் சேர்ந்து போகும். மாதக்கணக்காக வாரம் தவறாமல் வந்து உட்கார்ந்து சேர்த்த லெவல்கள்! டிராகன் உயிரைத்தான் எடுக்கும். காட்டேரி ஆடிய காலத்தையே எடுத்துக்கொண்டு போகும். பயத்தை விதியாக எழுதியவர்களில் இதைவிடக் குரூரமாக எழுதியவர்கள் குறைவு.

மேசைக்கு வெளியே வேறொரு பயம் ஓடிக்கொண்டிருந்தது. 1982இல் சிபிஎஸ் தொலைக்காட்சி 'மேஸஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' என்ற படத்தை ஒளிபரப்பியது. இப்படி ஆடும் மாணவன் ஒருவன் புத்தி பேதலித்துப் போவதுதான் கதை. நாயகன் அப்போது அவ்வளவாக அறியப்படாத டாம் ஹாங்க்ஸ். பிள்ளைகள் பிசாசு வழிபாட்டுக்குப் போகிறார்கள் என்று பெற்றோர் சங்கங்களும் தேவாலயங்களும் கிளம்பின. வெளியீட்டாளரான டிஎஸ்ஆர், 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்ற பெயர்களையே விதிநூலிலிருந்து எடுத்துவிட்டது. அதன் பின் எட்டே ஆண்டில், அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தின் நூலகத்துக்கு அடியிலேயே நரகத்தின் வாயைத் திறந்து வைத்தார்கள். ஊரும் உட்கார்ந்து பார்த்தது.

'பஃபி தி வேம்பையர் ஸ்லேயர்' 1997 மார்ச் 10 அன்று தொடங்கி 2003 மே 20 அன்று முடிந்தது. ஏழு பருவம், 144 பகுதி. சன்னிடேல் என்ற கற்பனையான கலிஃபோர்னியச் சிற்றூர். பகலில் பள்ளிக்கூடம், இரவில் கல்லறைத் தோட்டத்தில் ரோந்து. ஸாரா மிஷெல் கெல்லர் நடித்த பஃபி, ஒரு தலைமுறைக்கு ஒருத்தி என்று தேர்ந்தெடுக்கப்படும் ஸ்லேயர். அவளுக்கு வழிகாட்டி, நூலகர் ஜைல்ஸ். தோழர்கள் வில்லோவும் ஸாண்டரும். இருட்டுச் சந்தில் நுழையும் பொன்முடிப் பெண் செத்துத்தான் தீர வேண்டும் என்பது திகில் படங்களின் பழைய சட்டம். அதைத் தலைகீழாக்கியதுதான் தொடரின் முதல் வெற்றி. இரண்டாவது வெற்றி பெரியது: அங்கே வந்த பேய் எதுவும் வெறும் பேயாக வரவில்லை. மகளின் இளமையைத் தனதாக்கிக்கொள்ள மகள் உடம்பிலேயே குடியேறும் தாய். யாருமே கவனிக்காததால் உண்மையாகவே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் மாணவி. ஓர் இரவு கழிந்ததும் அடியோடு மாறிப்போகும் காதலன். பதின்பருவத்தில் உள்ளுக்குள் நடப்பதெல்லாம் அந்த ஊரில் கோரைப்பல்லோடு வெளியே வந்து நின்றது.

பழைய காட்டேரி பறித்தது லெவலை. சன்னிடேல் காட்டேரி பறித்தது நம்பிக்கையை. ஒன்றுக்கு அட்டவணை போடலாம். இன்னொன்றுக்கு எப்படிப் போடுவது? தொடரை மேசைக்குக் கொண்டுவர நினைத்த எல்லோரும் முட்டிக்கொண்ட சுவர் இதுதான்.

தொடருக்கே இந்த விளையாட்டு நன்றாகத் தெரியும் என்பது வேடிக்கை. கடைசிப் பகுதியில், உலகம் அழியுமா பிழைக்குமா என்ற போருக்கு முந்தைய இரவு, தூக்கம் வராத சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறார்கள். நடத்துவது அவர்களில் ஒருவனான ஆண்ட்ரூ. ஏழு பருவமாகப் புத்தகமும் கையுமாகத் திரிந்த ஜைல்ஸ், அடிபட்டு நொந்த ஒரு குள்ளனாக வேண்டா வெறுப்பாக ஆடுகிறார். மறுநாள் காலை அவர்கள் இறங்கப் போவதும் ஒரு பாதாளம்தான்.

தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2002இல், ஈடன் ஸ்டூடியோஸ் முறையான உரிமம் பெற்று பஃபி மேசை விளையாட்டை வெளியிட்டது. எழுதியவர் சி. ஜே. கரெல்லா. பத்துமுகப் பகடை ஒன்றை உருட்டி, குணத்தையும் திறமையையும் கூட்டி, ஒன்பதைத் தொட்டால் காரியம் நடக்கும். டஞ்சன் மாஸ்டருக்கு இங்கே பெயர் டைரக்டர். ஆட்டத்துக்குப் பெயர் எபிசோடு. சுவரைத் தாண்ட கரெல்லா கண்ட வழி 'டிராமா பாயின்ட்'. பஃபி போன்ற நாயகப் பாத்திரத்துக்குக் குணமும் திறமையும் அதிகம், டிராமா பாயின்ட் 10. ஸாண்டர், வில்லோ போன்ற சாதாரணத் தோழர்களுக்கு எண்கள் குறைவு, டிராமா பாயின்ட் 20. அதைச் செலவழித்து உயிர் தப்பலாம், கதையைத் திருப்பலாம், செத்தபின் திரும்பியும் வரலாம். பலமில்லாதவனுக்கு அதிர்ஷ்டம் அதிகம் என்பது தொலைக்காட்சியின் தர்மம். அதைக் கணக்காக்கிக் காட்டிய அந்த ஏற்பாடு இன்றைக்கும் அழகாகவே இருக்கிறது.

பத்தாண்டு கழித்து மைக்கேல் சான்ட்ஸின் 'மான்ஸ்டர் ஆஃப் தி வீக்' வந்தது. உரிமம் எதுவும் வாங்கவில்லை, தேவையும் இல்லை. பஃபியின் பெயர் இல்லை, 'சோசன்' என்ற வேடம் இருக்கிறது. ஜைல்ஸ் இல்லை, 'எக்ஸ்பர்ட்' இருக்கிறது. ஸாண்டர் இருந்த இடத்தில் 'மண்டேன்'. இரண்டு அறுமுகப் பகடை உருட்டி பத்தோ அதற்கு மேலோ வந்தால் நினைத்தது நடக்கும். ஏழிலிருந்து ஒன்பது என்றால் நடக்கும், ஆனால் ஒரு விலை உண்டு. ஆறும் அதற்குக் கீழும் விழுந்தால் வம்பு வரும், கூடவே ஒரு அனுபவப் புள்ளியும் வரும். தோற்றவனுக்குக் கூலி! 1981இன் மேசையில் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். வேட்டைக்காரர்கள் தலையிடாவிட்டால் என்னென்ன நடக்கும் என்பதைப் பகலில் தொடங்கி நள்ளிரவு வரை ஆறு படியாக முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்கிறது விதி. ஓர் எபிசோடு எழுதுபவர் செய்யும் வேலை அது.

இரண்டும் நல்ல ஆட்டங்கள். எனக்கு ஒரே ஒரு குறை. இவை தொடரின் நடையைப் பிடித்தன, தொடரின் பயத்தை நழுவவிட்டன. டிராமா பாயின்ட் கையில் இருக்கும்வரை யாரும் செத்துவிட மாட்டார்கள் என்று மேசையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சன்னிடேலில் அப்படி ஒரு உத்தரவாதம் இல்லை. ஸாண்டருக்கும் வில்லோவுக்கும் ஜெஸ்ஸி என்று ஒரு நண்பன் இருந்தான், நினைவிருக்கிறதா? இரண்டு பாகமாக வந்த தொடக்கக் கதையிலேயே அவன் காட்டேரியாகி, கூட்டத்தின் நெரிசலில் ஸாண்டரின் கையிலிருந்த மரக்குச்சியில் விழுந்து தூளாகிறான். இரண்டாம் பருவத்தில் ஆசிரியை ஜெனி காலண்டர். ஆறாம் பருவத்தில் வில்லோவின் காதலி தாரா, எங்கிருந்தோ வந்த ஒரு துப்பாக்கிக் குண்டில். முதல் அமர்விலேயே ஒருவர் தாளைக் கிழித்துப் போடும் பழைய விளையாட்டின் கொடுமை, இந்தத் தொடரின் ரத்தத்திலேயே இருந்தது.

அதனால்தான் சில ஆண்டுகளாக வேறொரு வேலை நடக்கிறது. பஃபி மாதிரித் தொடர்களை, அவற்றுக்கென்றே எழுதப்பட்ட புதிய விதிகளை விட்டுவிட்டு, 1981இன் பழைய விதிகளில் ஆடிப் பார்க்கிறார்கள்.

இதற்கு வழிவிட்டது ஒரு சட்டக் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிஎஸ்ஆரை 1997இல் வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், 2000இல் திறந்த உரிமம் ஒன்றை வெளியிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு பழைய ஆட்டக்காரர்கள் பழைய விதிகளை மறுபடி எழுதி அச்சிட்டார்கள்: 2006இல் ஆஸ்ரிக், 2007இல் லாபிரின்த் லார்ட், 2019இல் கேவின் நார்மனின் ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ். கடைசியாகச் சொன்னது மோல்ட்வேயின் விதியைக் கிட்டத்தட்ட அப்படியே, தெளிவான அடுக்கில் தருகிறது. 2023 ஜனவரியில் அந்த உரிமத்தைத் திரும்பப் பெறும் பேச்சு வந்து பெரும் கலவரமாகி, அதே மாதக் கடைசியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டுவிட்டுக் கம்பெனி பின்வாங்கியது.

பழமைக்கு இன்னொரு வாசல், 2016இல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்'. 1983இல் இண்டியானாவின் ஒரு வீட்டு நிலவறையில் பையன்கள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவதோடு கதை ஆரம்பிக்கிறது. ஊருக்குள் வந்த பேய்க்கு அவர்கள் வைத்த பெயர் டெமோகார்கன். 1976இன் ஒரு விதிநூலில் வந்த பேரரக்கன். 2019இல் அந்தத் தொடரின் பெயரிலேயே ஒரு தொடக்கப் பெட்டி விற்பனைக்கு வந்தது. பார்க்க அச்சு அசல் எண்பதுகள். உள்ளே இருக்கும் சாகசம், கதையில் வரும் பையன் ஒருவனே எழுதியது என்ற பாவனையில் தயாரானது. விதிகள் மட்டும் 2014இன் ஐந்தாம் பதிப்பு. விழுந்தால் எழலாம், எழுந்தால் ஓய்வெடுத்து மறுநாள் முழு உடம்போடு கிளம்பலாம். பெட்டியில் மட்டும்தான் பழமை. நான்காம் பருவத்தில் அதே தொடர் எண்பதுகளின் பிசாசுப் பீதியைக் கதையாக்கி, அந்த விளையாட்டை நடத்தும் எடியை நாயகனாக்கியது. அன்று தாய்மார் ஒளித்துவைத்த புத்தகம் இன்று பொம்மைக்கடைப் பொருள்.

சரி, சன்னிடேலை மோல்ட்வேயின் 64 பக்கத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது?

முதலில் காட்டேரி. எக்ஸ்பர்ட் நூலின் காட்டேரியை அப்படியே எடுத்தால் ஆட்டம் முதல் இரவிலேயே முடிந்துவிடும். சன்னிடேலில் தினமும் கல்லறையிலிருந்து எழும் காட்டேரிகள் வேறு சாதி. மரக்குச்சி நெஞ்சில் இறங்கினால் ஒரே நொடியில் தூள். அவற்றைப் பழைய நூலின் 'கூல்' அளவுக்கு, இரண்டு உயிர்ப்பகடைக்கு இறக்கிவிட வேண்டும். லெவல் பறிக்கும் அந்தப் பழைய பயங்கரத்தைப் பருவத்துக்கு ஒருவராக வரும் பெரிய எதிரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். முதல் பருவத்தின் எதிரியான மாஸ்டர் என்ற காட்டேரி எங்கே இருக்கிறான்? நிலநடுக்கத்தில் மண்ணுக்குள் புதைந்த ஒரு தேவாலயத்தில், வெளியே வர முடியாமல். இதைவிடச் சுத்தமான டஞ்சனை, ஆர்னெசனோடு இந்த விளையாட்டை உருவாக்கிய கைகாக்ஸே வரைந்திருக்க மாட்டார். நான்காம் பருவத்தில் பல்கலைக்கழகத்துக்கு அடியில் ராணுவத்தின் ரகசிய ஆய்வுக்கூடம், ஏழாம் பருவத்தில் புதுப் பள்ளியின் அடித்தளத்தில் நரகவாயின் முத்திரை, ஊர் முழுக்கச் சாக்கடைச் சுரங்கம். தொடரைப் பார்த்தவர்கள் பள்ளி நடைக்கூடத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் கதை திரும்பத் திரும்ப ஏதாவது ஒரு நிலவறைக்குள்தான் போய் இறங்குகிறது. கட்டம்போட்ட தாளில் அந்த ஊரின் அடிப்பகுதியை வரைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து பொன். சன்னிடேலில் பேயைக் கொன்றால் காசு கிடைக்காது. கிடைத்திருந்தால் ஆறாம் பருவத்தில் பஃபி பர்கர் கடையில் தொப்பி மாட்டிக்கொண்டு வேலைக்கு நின்றிருக்க மாட்டாள். அப்படியானால் அனுபவப் புள்ளி எதற்கு? பொன்னுக்குப் பதில் கொலைக்கு என்று மாற்றிவிடுவதுதான் எல்லோரும் செய்வது. மிகப் பெரிய தப்பும் அதுதான். பழைய விதியின் சூட்சுமமே சண்டைக்குக் கூலி தராததில் இருக்கிறது. அந்த இடத்தில் இரண்டை வைக்கலாம் என்பது என் கட்சி: நூலகத்தில் கண்டுபிடித்த உண்மைக்குப் புள்ளி, விடியும்போது உயிரோடிருக்கும் ஊர்க்காரருக்குப் புள்ளி. அப்போது ஆட்டக்காரர்கள் தாமாகவே ஜைல்ஸின் அலமாரியைத் தேடி ஓடுவார்கள், சண்டையைத் தவிர்ப்பார்கள், ஓட வேண்டிய நேரத்தில் ஓடுவார்கள். எபிசோடின் முதல் பாதி தானே உருவாகிவிடும்.

தீப்பந்தம் ஆறு 'டர்ன்' (ஆட்டத்தின் கால அளவு) எரியும், இரண்டு டர்னுக்கு ஒருமுறை பகடை போட்டு ஒன்று விழுந்தால் அலையும் பேய் எதிர்ப்படும் என்பது பழைய கணக்கு. சன்னிடேலில் பந்தத்துக்குப் பதில் கடிகாரம். சூரியன் மறைவதிலிருந்து பள்ளியின் முதல் மணி வரை எத்தனை டர்ன்? வீட்டில் அம்மா எட்டிப்பார்க்கும் நேரம் எது? காலத்தையும் 1997ஆகவே வைப்பது நல்லது. அப்போது பள்ளிப் பிள்ளைகள் பையில் கைபேசி இல்லை. பொதுத் தொலைபேசியைத் தேடி ஓட வேண்டும். திகில் கதைக்குக் கைபேசியைப்போல எதிரி வேறில்லை. தொடர் வந்தபோது அது நிகழ்காலம். இன்றைக்கு அந்த 1997ஏ ஸ்ட்ரேஞ்சர் திங்ஸின் 1983ஐப்போலப் பழங்காலமாகிவிட்டது.

சிலுவையில் ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய விளையாட்டில் பேயை விரட்டுவது கிளெரிக்கின் தனியுரிமை. சன்னிடேலில் சிலுவைக்கு நம்பிக்கை தேவையே இல்லை. யார் நீட்டினாலும் சுடும். வில்லோ யூதக் குடும்பத்துப் பெண். காட்டேரிக்குப் பயந்து படுக்கையறையில் சிலுவை அறையும்போது அப்பா கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று தவிப்பாள். ஆகவே கிளெரிக் என்ற பாத்திர வகுப்பையே எடுத்துவிட்டு, முதல் லெவல் கிளெரிக்கின் பலத்தை ஊரில் எல்லோருக்கும் பங்கு வைத்துவிடலாம். சர் ஃபேங்குக்கு எதிராகப் பிறந்தவர் இப்படி ஊரெல்லாம் கரைந்துபோவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

பாத்திரங்களைப் பொறுத்தவரை, பழைய விதி எழுதியவர்கள் பஃபியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்களோ என்று சந்தேகம் வரும். வில்லோ அப்படியே பழைய மந்திரவாதி. முதலில் ஊதினால் விழுவாள், கையில் ஒரு மந்திரம்கூட உருப்படியாக இல்லை. ஆறாம் பருவத்தில் உலகத்தையே அழிக்கக் கிளம்புவாள். புதிய பதிப்புகள் எல்லா வகுப்புகளையும் சமப்படுத்தி இந்த வளைவைத் தட்டையாக்கிவிட்டன. ஸாண்டருக்கு வகுப்பே வேண்டாம். பழைய நூலில் 'நார்மல் ஹியூமன்' என்று ஒரு வரி உண்டு, அரை உயிர்ப்பகடை. மூன்றாம் பருவத்தின் 'தி ஸெப்போ' பகுதியில் மற்றவர்கள் பின்னணியில் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்க, இந்த அரைப்பகடை ஆள் பள்ளியின் அடித்தளத்தில் ஒரு வெடிகுண்டை எதிர்கொள்கிறான். அந்த ஒரு பகுதிக்காகவே ஸாண்டரை பலசாலி ஆக்கக் கூடாது.

பேயெல்லாம் பகையும் இல்லை. பழைய விதியில் பேய் எதிர்ப்பட்டதும் இரண்டு பகடை உருட்டி அதன் மனநிலையைப் பார்க்க வேண்டும். இரண்டு விழுந்தால் பாய்ந்து தாக்கும், பன்னிரண்டு விழுந்தால் நட்போடு வரும். பூனைக்குட்டிகளைப் பந்தயம் வைத்துச் சீட்டாடும் கிளெம் என்ற தொளதொளத்த அரக்கன் ஆறாம் பருவத்தில் வருவானே, அவன் சத்தியமாக ஒரு பன்னிரண்டு. இரண்டாம் பருவ முடிவில் ஸ்பைக் என்ற காட்டேரி கட்சி மாறி பஃபியோடு உடன்படிக்கை போடுவதும் அப்படியே. திட்டமிட்ட கதையில் ஸ்பைக் எப்போதும் வில்லனாகவே நிற்பான். பகடைதான் அவனை மேசைக்கு இந்தப் பக்கம் தள்ளும்.

எண்ணில் அடங்காதவையும் உண்டு. அந்தப் பள்ளியில் இரண்டு தலைமையாசிரியர்கள் தின்னப்பட்டார்கள். அதற்குப் பகடை உருட்டலாம். 2001இல் வந்த 'தி பாடி' பகுதியில் பஃபியின் தாய், பேயின் கைபடாமல், மூளையில் ரத்தக்குழாய் வெடித்து வீட்டு சோபாவிலேயே இறந்து கிடக்கிறாள். அதை எந்த அட்டவணையிலும் சேர்க்க வேண்டாம். சிலவற்றை ஆட்டமாக்காமல் விடத் தெரிவதும் நடத்துபவரின் வேலை.

இனி ஸ்லேயர். நாலு பேர் மேசையில் ஒருவர் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? கரெல்லா டிராமா பாயின்ட்டால் ஈடுகட்டினார். ஆனால் விடை தொடரின் புராணத்திலேயே கிடக்கிறது. ஒரு ஸ்லேயர் செத்ததும் உலகத்தில் வேறெங்கோ இன்னொரு பெண்ணுக்கு அந்த வலிமை வந்து சேரும். முதல் பருவ முடிவில் பஃபி நீரில் மூழ்கிச் சில நிமிடம் சாகிறாள். ஸாண்டர் மூச்சு ஊதி எழுப்புகிறான். அந்தச் சில நிமிடம் போதும், கெண்ட்ரா வந்துவிட்டாள். கெண்ட்ரா கொல்லப்பட்டதும் ஃபெய்த் வந்தாள். பாத்திரம் செத்தால் புதுத்தாள் எடுத்து மறுபடி உருட்டு என்பது பழைய விளையாட்டின் நடைமுறை. அதற்கு இதைவிடப் பொருத்தமான புராணம் எந்தத் தொடரிலும் இல்லை. ஸ்லேயர் ஒரு வகுப்பு இல்லை, கை மாறும் ஒரு பதவி. ஒருவர் சாக, அடுத்தவரின் தாளுக்கு அது போகட்டும். சிங்காசனம் மேசையைச் சுற்றி வரும். பஃபியை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று மற்றவர்கள் துடிப்பதும், உள்ளூர அடுத்தது நானா என்று கணக்குப் போடுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். டிராமா பாயின்ட்டால் அதைத் தர முடியாது.

இந்த ஊரை மேசைக்குக் கொண்டுவர விதிகளுக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. தொடரைப் படைத்த ஜாஸ் வீடன் மீது 2021 பிப்ரவரியில் கார்டிலியாவாக நடித்த கரிஸ்மா கார்பென்டர் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். படப்பிடிப்பில் தன்னைக் கொடுமையாக நடத்தியதாகச் சொன்னார். பஃபியின் பெயரோடு தன் பெயர் இணைந்திருப்பது பெருமை, வீடன் பெயரோடு என்றென்றும் இணைந்திருக்க விருப்பமில்லை என்ற கருத்தில் கெல்லரும் அறிக்கை விட்டார். பெண்ணின் வலிமையைக் கொண்டாடிய தொடரின் ரசிகர்களுக்கு அது பெரிய அடி. தொடரை அப்படியே மறுபடி பார்ப்பதைவிட, ஊரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து தங்கள் கையால் ஆடுவது அவர்களில் பலருக்கு இன்று எளிதாக இருந்தால் ஆச்சரியமில்லை. 144 பகுதியும் வீடன் நிறுவனம் எடுத்தது. உங்கள் மேசையில் நடப்பது உங்களுடையது.

ஆட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸின் அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதுவும், ஒரு பகடைத் தொகுப்பும், சொன்ன நேரத்துக்கு வரும் நாலு பேரும் போதும். பருவம் முழுவதுக்கும் கதை எழுதி வைக்காதீர்கள். ஊரை வரையுங்கள், ஊருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று வரையுங்கள், பேய்க்கு என்ன வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். பகடையை எல்லோர் கண் முன்னாலும் உருட்டுங்கள். முதல் ராத்திரியே ஸ்லேயர் செத்துப்போனால் விதியை வளைத்துக் காப்பாற்றாதீர்கள். அடுத்தவளின் பெயர் என்ன என்று கேளுங்கள்.